பதினோராம் நாள்

தலைஞாயிற்றுக்குக் கிழக்கே
ஆற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கும் இடத்தில்
தையல்நாயகியின் குத்தகை வயலில்
நாலு குழாய் நட்டேன்.
பதினைந்து, முப்பது, அறுபது, தொண்ணூறு.
சென்டிமீட்டர் என்றதும் சிரித்தாள்.
கையை நீட்டி அளந்து காட்டினேன்:
கடைசிக் குழாய் ரெண்டு முழம்.
"பொணத்துக்கே பத்தாது" என்றாள்.

குழாயின் அடியில் சுட்ட மண் குப்பி,
கட்டைவிரல் பருமன்.
கைப்பம்பால் காற்றை இழுத்துவிட்டால்
இரவு முழுக்க அது ஒரு வேர் மாதிரி
மண்ணிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கும்.
விடிந்ததும் ஊசிக்குழலில் இழுப்பேன்.
இருபது மில்லி. சில நாள் நாலு.
ஒரு நாள் வெறும் மூச்சு.

கார்த்திகை முதல் வாரம் புரோமைடு ஊற்றினேன்.
"வெஷமா?"
"உப்புதான். எங்கே போகுதுன்னு பாக்க."
கடலோர மண், ஏற்கெனவே கொஞ்சம் இருந்தது;
அதை முன்பே அளந்து கழித்திருந்தேன்.
சேற்றுழவில் இறுகிய தளத்துக்குக் கீழே
தண்ணீர் நாளுக்கு ஒரு நெல்மணி நீளம் இறங்கும்
என்றது என் கணக்கு.
அறுபதைத் தொட மாசி பிறந்துவிடும்.

பதினோராம் நாள் அடைமழை.
பஸ் திருத்துறைப்பூண்டியோடு நின்றுவிட்டது.
நோட்டில் ஒரு கோடு போட்டேன்.
"பத்துக்கும் பன்னெண்டுக்கும் சராசரி போட்டுக்கம்மா"
என்றது ஆய்வகத்திலிருந்து ஒரு குரல்.

பன்னிரண்டாம் நாள்
பதினைந்தில் புரோமைடு.
முப்பதில் இல்லை.
அறுபதில், நான் ஊற்றியதே திரும்பி வந்தது போல.
படியில் கால் வைக்காமல்
மாடியிலிருந்தவன் கீழே வந்து நிற்கிறான்.
பாட்டிலை மூன்று முறை கழுவினேன்.
கருவியைத் திட்டினேன்.
பிறகு சும்மா, ஒரு சந்தேகத்துக்கு,
வரப்புக்கு அந்தப் பக்கம்
பக்கிரிசாமியின் வாய்க்காலில் ஒரு பாட்டில் மொண்டேன்.
அதிலும் இருந்தது.

சொல்ல மறந்துவிட்டேன்:
ராத்திரியில் அவன் வரப்பை வெட்டித் தண்ணீர் திருடுவதாக
ரெண்டு வருஷமாகத் தையல்நாயகி பேச்சை விட்டிருந்தாள்.
அவன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான்.
"அணைஞ்சது சூடந்தான்" என்றாளாம்.

மூன்றாம் குழாயின் பின்னால் கையை விட்டேன்.
மணிக்கட்டு. முழங்கை.
வளை வரப்புக்கடியில் சாய்ந்து போனது.
தோள் வரை சேற்றில் படுத்திருந்தபோது
மோதிர விரலை யாரோ பிடித்தார்கள்.
நான் போட்ட கூச்சலில் கொக்குகள் எழுந்தன.

நண்டை உதறிவிட்டுப் பார்த்தால்
அவள் குத்தவைத்து
அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெகுநேரம்.
ஒரு சண்டை முழுவதும்
அதற்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது,
நெல்மணி நெல்மணியாக.

"ரிப்போட்டுல எழுதுவீங்களா?"
"எழுதணும்."
"அவன் பேரு வராதுல்ல?"
"வராது."
"நண்டு பேரும் வேணாம்."

குதிகாலால் மிதித்து அடைத்தாள்.
தேவைக்கு மேலேயே மிதித்தாள்.

அறிக்கையில் நான் நண்டு வளை என்றுதான் எழுதினேன்.
மேலதிகாரி அடித்துவிட்டு
முன்னுரிமைப் பாய்வு என்று திருத்தினார்.
ரெண்டு சொல்.
உள்ளே பத்துக் கால்.

பத்தொன்பதாம் நாள் அவள் நண்டு ரசம் கொண்டுவந்தாள்,
ரெண்டு தூக்குவாளியில்.
ஒன்றை என்னிடம் தந்தாள்.
இன்னொன்றை வரப்பு தாண்டி
அவன் மோட்டார் கொட்டகை ஓரம் வைத்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் களை எடுக்கப் போனாள்.

மத்தியானம் பார்த்தேன், இருந்தது.
மூன்று மணிக்கும் இருந்தது,
மூடியின் மேல் ஒரு தட்டான்.
நாலரைக்கு என் பஸ்.
அதற்குப் பிறகு யாரும் அளக்கவில்லை.

அதற்கும்
நோட்டில் ஒரு கோடு.